பெரியவர்கள் கூடிப் படிக்க உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் முதல் மாதம் போட்டோக்களைப் பார்ப்போம்; பாட்டு கேட்போம்; மின் கட்டணம் கட்டிப் பார்ப்போம். அதன் பின்னர், "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். வயதானவர்கள் உள்ள வீடு என்றால் என்னிடம் ஒரு பதில் உள்ளது. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஆறேழு பெரியவர்களைச் சேர்த்து ஒரு வாசகர் வட்டம் தொடங்குங்கள். அதற்குத் தேவையான கதையைத் தேடி எடுப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, படித்துக் காட்டுவது எனப் பல வேலைகளை உங்கள் கம்ப்யூட்டர் செய்து தரும்.

எங்கள் தெருவில் இப்படி ஒரு வட்டம் சில ஆண்டுகளாக நடக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணிக்கு எட்டுப் பேர் கூடுகிறோம். வயது 63 முதல் 84 வரை. ஒரு சிறுகதை அல்லது ஒரு நூலின் சில அத்தியாயங்கள்; ஒன்றரை மணி நேரப் பேச்சு; நடுவே சுக்குக் காபி. கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் பயன்பட்ட வழிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

ஏன் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது?

புத்தகம் வாங்கிப் படித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் படித்து வந்தோம். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எந்தக் கதையானாலும் அவர் பேச ஆரம்பித்தால் கூட்டம் களை கட்டும். அவர் தொடர்ந்து மூன்று மாதங்கள் வரவில்லை. கேட்டால், "வீட்டிற்கு விருந்தாளி வந்துவிட்டார்கள்", "வயிறு சரியில்லை" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார். பிறகு அவர் மனைவி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. புத்தகத்தில் உள்ள எழுத்து அவர் கண்ணுக்குக் கலைந்து தெரிகிறது. காலமெல்லாம் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னவருக்கு, "என்னால் படிக்க முடியவில்லை" என்று சொல்லக் கூச்சம்.

வயதானவர்கள் படிப்பை விடுவதற்கு ஆர்வம் குறைந்ததுதான் காரணம் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். பல வீடுகளில் உண்மையான காரணம் எழுத்தின் அளவு. நாற்பது வயதைத் தாண்டியவுடன் கண்ணின் லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. அதனால்தான் வெள்ளெழுத்து வருகிறது. பின்னர் கண்புரை வந்தால் எழுத்திற்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். எனவே எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கம்ப்யூட்டர் அதற்கு மாற்று அல்ல. எங்கள் ஆசிரியருக்கும் அப்படித்தான் செய்தோம். அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த நாட்களிலும், அதன் பின்னரும், கீழே சொல்லப்பட்ட வழிகளில் கதைகளைத் தந்தோம். நான்காவது மாதத்திலிருந்து அவர் ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

1. எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்?

இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் ஒரு நூலுக்கான காப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உண்டு. இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். உ.வே. சாமிநாதையர் 1942ல் மறைந்தார். அவருடைய நூல்களுக்கான காப்புரிமை 2002 முடிவோடு தீர்ந்தது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948; காப்புரிமை தீர்ந்தது 2008ல். கல்கி மறைந்தது 1954, தீர்ந்தது 2014ல். தி. ஜானகிராமன் 1982ல் மறைந்ததால் 2042 வரையிலும், ஜெயகாந்தன் 2015ல் மறைந்ததால் 2075 வரையிலும் காப்புரிமை இருக்கும்.

இதில் ஒரு விலக்கு உள்ளது. தமிழக அரசு சில எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியுள்ளது. அவர்களின் குடும்பத்தினருக்குத் தொகை வழங்கிவிட்டு, நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று அறிவிக்கும் ஏற்பாடு இது. இந்தப் பட்டியலில் உள்ள நூல்களுக்கு 60 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.

காப்புரிமை உள்ள நூலைப் படிக்க ஆசைப்பட்டால் விலை கொடுத்து வாங்குங்கள்; அல்லது கிளை நூலகத்தில் எடுங்கள்.

2. எங்கே கிடைக்கும்?

பிரவுசரைத் திறந்து சர்ச் பாக்ஸில் கீழ்க்காணும் பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்து தேடுங்கள்.

மதுரைத் திட்டம்: 1998 பொங்கல் அன்று தொடங்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களை டைப் செய்து, பிழை திருத்தி, இலவசமாக வழங்குகிறார்கள். நூல்கள் யூனிகோட் எழுத்தில் இருப்பதால் நம் வேலைக்கு மிகவும் ஏற்றது. ஒவ்வொரு பைலின் தொடக்கத்திலும் தயாரித்தவர்களின் விவரம் அடங்கிய முன்பக்கம் இருக்கும். பைலைப் பிறருக்குத் தரும்போது அந்தப் பக்கத்தை நீக்காமல் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்கும் ஒரே நிபந்தனை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம்: பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டு இங்கே கிடைக்கின்றன.

நூலகம்: 2005ல் தொடங்கப்பட்ட ஈழத்துத் திட்டம். இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இங்கே பார்க்கலாம்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாட்டைத் தெரிந்து கொள்ளுங்கள். டைப் செய்யப்பட்ட நூலில் எழுத்துக்கள் எழுத்துக்களாகவே இருக்கும். அவற்றைப் பெரிதாக்கலாம், காப்பி செய்யலாம், கம்ப்யூட்டரையே படிக்கச் சொல்லலாம். ஸ்கேன் செய்யப்பட்ட நூலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். நம் கண்ணுக்கு அது எழுத்து; கம்ப்யூட்டருக்கு அது வெறும் புள்ளிகள். எது எந்த வகை என்று அறிய ஒரு சொல்லின் மீது மவுஸால் இருமுறை கிளிக் செய்திடுங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் அது எழுத்து. ஒன்றும் நடக்காவிட்டால் அது பெரும்பாலும் படம்.

3. படத்தை எழுத்தாக்குவது

ஸ்கேன் செய்த கதைதான் கிடைத்தது என்றால் கவலை வேண்டாம். கூகுள் அக்கவுண்ட் இருந்தால் போதும். அந்தப் பக்கங்களின் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, "ஓபன் வித்" பிரிவில் "கூகுள் டாக்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் படம் மேலேயும், அதிலிருந்து பிரித்தெடுத்த தமிழ் எழுத்துக்கள் கீழேயும் கிடைக்கும். பைல் 2 எம்பி அளவிற்குள் இருந்தால் நல்லது. எனவே முழு நூலையும் ஒரே பைலாக ஏற்றாமல், கதை உள்ள பக்கங்களை மட்டும் ஏற்றவும்.

பழைய அச்சில் ணை, லை, றா போன்ற எழுத்துக்கள் வேறு வடிவத்தில் இருக்கும். தமிழக அரசு 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன் அச்சான நூல்கள் இவை. இந்த எழுத்துக்களில் பிழைகள் வரும். மூலத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை திருத்திவிடுங்கள். எங்கள் வட்டத்தில் இந்த வேலையை 84 வயதுக்காரர் கேட்டு வாங்கிச் செய்கிறார். அவர் பள்ளியில் படித்ததே அந்தப் பழைய எழுத்தில்தான்.

காப்புரிமை உள்ள நூலையும் இப்படி மாற்றலாமா? 2012ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், சாதாரண வடிவில் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக மட்டும் அதற்கு இடம் தருகிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் காப்பி எடுத்துக் கொடுப்பது அதில் சேராது.

4. திரையில் எழுத்தைப் பெரிதாக்க

இதற்கு எந்தப் புரோகிராமும் வாங்க வேண்டாம்.

பிரவுசரில் நூல் திறந்திருக்கும்போது கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு பிளஸ் கீயைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் எழுத்து பெரிதாகும். மைனஸ் கீ சிறிதாக்கும். கண்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவு கிடைக்கும்.

திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்க விண்டோஸ் கீயுடன் பிளஸ் கீயை அழுத்துங்கள். மேக்னிபையர் என்னும் உருப்பெருக்கி இயங்கும். வெளியேற விண்டோஸ் கீயுடன் எஸ்கேப் கீயை அழுத்தவும். இதைத் தெரியாமல் அழுத்திவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப் போய்விட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. எனவே வெளியேறும் வழியை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் சென்று, "அக்சசிபிலிடி" பிரிவில் "டெக்ஸ்ட் சைஸ்" என்பதைத் திறந்து 225 சதவீதம் வரை எழுத்தைக் கூட்டி வைக்கலாம்.

5. பெரிய எழுத்தில் அச்சிட

எங்கள் வட்டத்தில் அதிகம் பயன்படுவது இதுதான். திரையைப் பார்ப்பதை விடத் தாளைக் கையில் பிடித்துப் படிப்பதே பெரியவர்களுக்குப் பிடிக்கிறது.

கதையைக் காப்பி செய்து முதலில் நோட்பேடில் பேஸ்ட் செய்திடுங்கள். இணையப் பக்கத்தின் கலர், கட்டம் எல்லாம் நீங்கி எழுத்து மட்டும் நிற்கும். பிறகு அதை வேர்டுக்கு மாற்றுங்கள். வேர்ட் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிர்மலா அல்லது லதா எழுத்துருவை அமைக்கவும். அளவு 18 பாயிண்ட். கண்ட்ரோல் + 5 அழுத்தினால் வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி கிடைக்கும். கண்ட்ரோல் + எல் அழுத்தி இடப்பக்கம் ஒழுங்கு செய்யவும். இரு பக்கமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்து, பார்வை குறைந்தவர்களுக்கு வரி தவறிப் போகும்.

எழுத்தின் அளவு கூடினால் பக்கம் எவ்வளவு கூடும்? ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72ல் ஒரு பங்கு. 11 பாயிண்டிலிருந்து 18 பாயிண்டிற்கு மாற்றும்போது எழுத்து உயரத்திலும் அகலத்திலும் வளர்கிறது. எனவே இடம் சுமார் 2.7 மடங்கு ஆகிறது. 8 பக்கக் கதை 22 பக்கம் வரை வரும். வரி இடைவெளியைக் கூட்டினால் இன்னும் சில பக்கங்கள். இரு பக்கமும் அச்சிடுங்கள். எட்டுப் பேருக்கும் அச்சிடாமல், தேவைப்படும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அச்சிட்டால் செலவு அடங்கும். பளபளப்பான தாள் வேண்டாம். விளக்கொளி பட்டுக் கண் கூசும்.

6. கம்ப்யூட்டரே படித்துக் காட்ட

மைக்ரோசாப்ட் எட்ஜ் பிரவுசரில் கதையைத் திறந்து கண்ட்ரோல் + ஷிப்ட் + யு அழுத்துங்கள். "ரீட் அலவுட்" இயங்கி, மேலே ஒரு பட்டை கிடைக்கும். அதில் "வாய்ஸ் ஆப்ஷன்ஸ்" என்பதைக் கிளிக் செய்து தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கவும். பல்லவி என்பது பெண் குரல்; வள்ளுவர் என்பது ஆண் குரல். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். வேகத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். வயது கூடும்போது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறையும் என்பதால், சிலருக்கு ஆண் குரல் எளிதாகக் கேட்கும். இரண்டையும் கேட்க வைத்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு குறை உண்டு. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றிற்குத் தலா ஒரே எழுத்து. இடத்திற்கு ஏற்ப ஒலி மாறும். பேச்சு வழக்கில் எழுதப்பட்ட உரையாடல்களையும், ஊர்ப் பெயர்களையும், வடமொழிப் பெயர்களையும் கம்ப்யூட்டர் சில இடங்களில் தடுமாறிப் படிக்கும். வட்டார வழக்கு மிகுந்த கதை என்றால் மனிதர் படிப்பதே நல்லது. கதையைப் பேரனோ பேத்தியோ படித்து மொபைல் போனில் பதிவு செய்து தரட்டும். எங்கள் வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி தன் பாட்டிக்காக இப்படிப் பதிவு செய்யத் தொடங்கி, இப்போது கூட்டத்திற்கும் வந்து உட்காருகிறாள்.

7. எழுத்துக்கள் குப்பையாகத் தெரிந்தால்

நண்பர் அனுப்பிய பழைய பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தெரியலாம். பைல் கெட்டுவிடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, திஸ்கி, டாப் எனப் பல முறைகளில் தமிழை அமைத்தார்கள். ஒரு முறையில் எழுதியதை மற்றொன்று அறியாது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010ல்தான். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த முறையில் உள்ளது என்று தெரியாவிட்டால் ஒரு வரியை மட்டும் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியான முறை வந்தவுடன் தமிழ் தெளிவாகத் தெரியும்.

8. பேச்சுக்கு ஒரு தாள்

கதை கைக்கு வந்துவிட்டது. அடுத்து, பேச வேண்டுமே. கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாக நான்கே கேள்விகளை டைப் செய்து தருகிறேன். "ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?" என்ற பரீட்சைக் கேள்வி கூடாது. தங்கள் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்லும்படி கேள்வி இருக்க வேண்டும். புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையில் கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையின் விருந்தாளி ஆகிறார். அதற்கு நான் வைத்த கேள்வி: உங்கள் வீட்டிற்கு அவர் வந்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருப்பார்? அன்று ஒன்றரை மணி நேரம் போதவில்லை. மருமகளோடு இருப்பவரும், தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவரும் சொன்ன பதில்கள் கதையை விட்டு எங்கோ போய், மறுபடி கதைக்கே வந்தன.

நீண்ட நூல் என்றால் பகுதி பகுதியாக எடுங்கள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை. உ.வே.சா.வின் என் சரித்திரமும் ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான். தொடர்கதைக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த முறை கைவந்த ஒன்று.

சொன்ன நினைவுகளைக் குறித்து வைக்க விரும்பினால் கூகுள் டாக்ஸை குரோம் பிரவுசரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் "வாய்ஸ் டைப்பிங்" கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பேசப் பேச எழுத்தாகும். கை நடுங்குபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் குறிப்பு எடுப்பதைக் கூட்டம் முடிந்த பிறகு வைத்துக் கொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது கம்ப்யூட்டரை மூடி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். திரை திறந்திருந்தால் எல்லார் கண்ணும் அதன் மேல்தான் போகும்.

9. எச்சரிக்கை

இலவசப் புத்தகம் என்ற பெயரில் மோசடிகளும் நடக்கின்றன. பெரியவர்களிடம் இந்த மூன்றையும் அழுத்திச் சொல்லுங்கள்.

முதலாவது, புத்தகம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பைலை மொபைலில் இன்ஸ்டால் செய்யக் கூடாது. புத்தகம் பிடிஎப் அல்லது ஈபப் வடிவில்தான் வரும். ஏபிகே என்பது புரோகிராம். வங்கி விவரங்களைத் திருடும் வேலையையும் அது செய்யலாம்.

இரண்டாவது, இலவச நூலைத் தர ஓடிபி எண் கேட்டால் அது மோசடி. மேலே சொன்ன தளங்களில் நூலைப் படிக்க ஓடிபி தேவை இல்லை.

மூன்றாவது, பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. உங்கள் கம்ப்யூட்டர் ஏற்குமானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

எட்டுப் பேர் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் போதும். முதல் மாதம் பத்துப் பக்கத்திற்கு மிகாத ஒரு சிறுகதையை எடுங்கள். யாருக்கு எழுத்து தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கை தூக்க மாட்டார்கள். 12, 16, 18, 22 பாயிண்ட் அளவுகளில் ஒரே பத்தியை ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொருவர் வீட்டிற்கும் எடுத்துச் சென்று, "இதில் எது உங்களுக்கு வசதி?" என்று மட்டும் கேளுங்கள். விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். அந்த அளவைப் பெயருக்கு எதிரே ஒரு பைலில் குறித்து வைத்து, மாதா மாதம் அந்த அளவிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

இந்த ஒரு தாளைத் தயார் செய்ய உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். முயன்று பாருங்கள்.